நடுச்சுவரும் ஓர் அமானிதமே

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! நாம் ஐவேளை தொழுகின்றோம், நோன்பு நோற்கின்றோம், வசதி பெற்றோர் ஹஜ்ஜுக்கும் சென்று வருகின்றோம். ஆயினும், வீட்டின் பக்கவாட்டில் நிற்கும் ஒரு சுவரை முன்னிட்டு, அடுத்த வீட்டாரிடம் ஆண்டுக்கணக்கில் ஸலாம் கூடச் சொல்லாமல் வாழ்வோர் நம்மில் இல்லையா? அந்தச் சுவரைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகின்றோம்.

திருச்சியின் பாலக்கரை, உறையூர், கோட்டைப் பகுதி ஆகியவற்றின் பழைய தெருக்களைப் பாருங்கள். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்தின் வீதிகளைப் பாருங்கள். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர். பழைய கிரயப் பத்திரங்களில் அதனைப் 'பொதுச்சுவர்' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்திருப்பார்கள். யார் பூச வேண்டும், யார் பழுதுபார்க்க வேண்டும் என்பதெல்லாம் பாட்டனார்கள் வாய்மொழியாகப் பேசிக்கொண்டவை. பாட்டனார்கள் மவுத்தாகிவிட்டார்கள், பேச்சும் அவர்களுடன் போயிற்று. இன்று பேரன் ஒருவர் பழைய வீட்டை இடித்து மாடி கட்ட முனைகின்றார். அப்போதுதான் வழக்குத் தொடங்குகின்றது.

"உங்கள் கொல்லைத் தண்ணீர் இறங்கித்தான் சுவரில் ஓதம் ஏறிற்று, நீங்களே கட்டுங்கள்" என்கின்றார் ஒருவர். "சுவர் உங்கள் பக்கம்தானே சாய்கின்றது, விழுந்தால் உங்களுக்குத்தான் நட்டம், நீங்களே கட்டுங்கள்" என்கின்றார் மற்றவர். இருவரும் கட்டுவதில்லை. சுவரின் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கின்றது. வேர் உள்ளே இறங்குகின்றது. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகின்றது.

சகோதரர்களே! சூரத்துல் கஹ்ஃபில் (18:77-82) ஒரு சுவரைப் பற்றி அல்லாஹ் நமக்குச் சொல்லிக் காட்டுகின்றான். மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வருகின்றார்கள். பசி. அவ்வூராரிடம் உணவு கேட்கின்றார்கள். எவரும் விருந்தளிக்க முன்வரவில்லை. அந்த ஊரில் விழும் நிலையில் ஒரு சுவர் நிற்கின்றது. ஹிழ்ர் (அலை) அவர்கள் அதனை நிமிர்த்திச் செப்பனிடுகின்றார்கள். இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) அவர்கள் கேட்கின்றார்கள். பின்னர்தான் உண்மை வெளிப்படுகின்றது. அச்சுவர் அவ்வூரின் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அதன் அடியில் அவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்களுடைய தந்தை நல்லடியாராக இருந்தார்.

எண்ணிப் பாருங்கள். ஒரு கவளம் உணவும் தராத ஊர் அது. 'இவர்களுடைய சுவர் விழுந்தால் எனக்கென்ன' என்று அவர்கள் கடந்து போகவில்லை. கூலி கேட்டுப் பேரம் பேசவுமில்லை. விழும் சுவரை முதலில் நிறுத்தினார்கள். விளக்கம் பிறகு வந்தது. நம்முடைய வழக்கமோ இதற்கு நேர்மாறானது. கணக்கை முதலில் தீர்க்க வேண்டும் என்கின்றோம். அது தீரும்வரை சுவர் சாய்ந்துகொண்டே இருக்கட்டும் என்கின்றோம்.

சாய்ந்த சுவர் காத்திருக்குமா? 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? பெருமழையில் ஏறத்தாழ இருபது அடி உயரமுள்ள சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்துக் குடியிருப்பின் மீது சரிந்தது. உறக்கத்திலேயே பதினேழு பேர் மாண்டனர். அச்சுவரைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்ததாக அங்கு வாழ்ந்தோர் கூறினர். 2021 நவம்பர் 19 அன்று வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில், அதே போன்ற மழையில் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். சுவர் விழும்போது, 'இது யார் பொறுப்பு' என்று கேட்டுவிட்டு விழுவதில்லை. அடியில் உறங்குவது யார் வீட்டுக் குழந்தை என்றும் அது பார்ப்பதில்லை.

அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு உயர்த்தி வைத்திருக்கின்றது! சூரத்துன் நிஸாவில் (4:36) தன்னை மட்டுமே வணங்கும்படி கட்டளையிட்ட அதே வசனத்தில், உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அல்லாஹ் ஏவுகின்றான். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்க முடியவில்லையோ அவர் ஈமான் கொண்டவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை ஆணையிட்டுக் கூறியதை ஹதீஸ்களில் காண்கின்றோம். இரவில் மழை பெய்யும்போது அடுத்த வீட்டுத் தாய் ஒருத்தி நம் சுவரை அஞ்சித் தன் குழந்தைகளை மறு அறைக்குத் தூக்கிச் செல்கின்றாள் என்றால், அந்த எச்சரிக்கை யாருக்கு?

சுவரைப் பற்றியே நேரடியாக ஒரு நபிமொழி உண்டு. அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பொருத்துவதை ஒருவர் தடுக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது இடம்பெற்றுள்ளது. கேட்டவர்கள் தயங்கியதைக் கண்டு, நீங்கள் முகத்தைத் திருப்பினாலும் நான் இதனை உங்கள் தோள்களின் நடுவே போட்டே தீருவேன் என்ற கருத்தில் அவர்கள் கண்டிப்பாகவும் பேசியிருக்கின்றார்கள். அன்றும் இது மனிதருக்குக் கசப்பான பாடமாகவே இருந்திருக்கின்றது.

ஃபிக்ஹு நூல்களும் பொதுச்சுவரைச் சிறு செய்தியாக விட்டுவிடவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் இதற்குத் தனியே சட்டங்கள் உள்ளன. கூட்டாளியின் அனுமதியின்றிப் பொதுச்சுவரில் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது; ஒரு சாளரமும் திறக்கக் கூடாது. ஆனால் அதில் சாய்ந்து அமரலாம். தீங்கு தராத பொருளைச் சாய்த்து வைக்கலாம். சுவர் இடிந்து ஒருவர் தம் சொந்தப் பொருளால் திரும்பக் கட்ட விரும்பினால் அவரைத் தடுக்க முடியாது. கட்டிய சுவர் அவருக்கே உடைமையாகும். இருவரும் இடிபாட்டுக் கல்லையே கொண்டு சேர்ந்து கட்டினால் அது முன்போலவே இருவருக்கும் பொதுவாகும்.

மனமொப்பாத கூட்டாளியைக் கட்டும்படி கட்டாயப்படுத்தலாமா? ஷாஃபிஈ இமாம் அவர்களின் பழைய கருத்து, கட்டாயப்படுத்தலாம் என்பது. மத்ஹபில் ஏற்கப்பட்ட புதிய கருத்து, கட்டாயப்படுத்த முடியாது என்பது. இதை அறிந்தவுடன், 'பார்த்தீர்களா, சட்டம் என் பக்கம்' என்று சிலர் மகிழக் கூடும். சகோதரர்களே! சட்டம் கை வைக்காமல் விட்ட இடம், அல்லாஹ் நம் உள்ளத்தைச் சோதிக்கும் இடமாகும். காழி கட்டாயப்படுத்த மாட்டார் என்பதற்காக, கேள்வி கணக்கு நாளிலும் விட்டுவிடுவார்களா?

இனி, எல்லை தகராறுக்கு வருவோம். சுவரைப் புதிதாகக் கட்டும்போது கயிற்றை அரையடி அடுத்தவர் பக்கம் தள்ளிப் பிடிப்போர் உண்டு. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை அறிவித்தவர் ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். அவர்கள் மீதே அர்வா என்ற பெண்மணி, தன் நிலத்தை எடுத்துக்கொண்டார் என்று மதீனாவின் ஆளுநர் மர்வானிடம் வழக்குக் கொண்டுபோனார். அந்த எச்சரிக்கையைக் கேட்ட பின் நான் எப்படி எடுப்பேன் என்று கூறிய ஸயீத் (ரலி) அவர்கள், அந்த நிலத்தை அப்பெண்மணிக்கே விட்டுவிட்டார்கள். தீர்ப்பை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். உரிமை தம் பக்கம் இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள். நாமோ உரிமை யார் பக்கம் என்றே தெரியாத நான்கு அங்குலத்துக்காக உறவை முறிக்கின்றோம்!

அப்படித் தெரியாத நிலையில் என்ன செய்வது? உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. பழைய வாரிசுச் சொத்துப் பற்றி இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தனர். எவரிடமும் சான்று இல்லை. நானும் மனிதனே, உங்களில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடக் கூடும், அதைக் கேட்டு நான் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையைத் தீர்ப்பளித்துவிட்டால், நான் அவருக்குக் கொடுப்பது நெருப்புத் துண்டே என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதுவிட்டனர். என் உரிமை அவருக்கே என்று ஒவ்வொருவரும் கூறினர். அப்போது நபியவர்கள், நீதியாகப் பங்கிடுங்கள், சீட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள், ஒருவரையொருவர் பொருந்திக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டினார்கள். வக்கீல் திறமையால் நமக்குக் கிடைத்த தீர்ப்பு நம்மை மறுமையில் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

அடுத்த வீட்டுக்காரர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தால்? திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நம்மில் பலருக்கு அண்டை வீட்டார் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமே. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் கேட்டார்கள். அண்டை வீட்டாரின் உரிமைக்குக் கலிமா நிபந்தனை அன்று. சொல்லப்போனால், அங்கு நாம் செய்யும் அநீதி நம்முடைய பெயரோடு நில்லாது. மார்க்கத்தின் பெயரையும் கெடுக்கும்.

அன்பர்களே! நம் ஊரின் வரலாறும் சுவரைப் பற்றி ஒரு பாடம் சொல்கின்றது. 1751, 1752ஆம் ஆண்டுகளில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முஹம்மது அலியும் சந்தா சாகிபும் போரிட்டனர். ஒருவர் திருச்சிக் கோட்டைச் சுவருக்குள் இருந்தார். மற்றவருடைய படை முற்றுகையிட்டு, இறுதியில் ஸ்ரீரங்கத்தில் சிக்கியது. 1752இல் சந்தா சாகிப் உயிரிழந்தார். இருவருக்கும் துணை நின்ற அந்நியரில் ஒரு சாராரே முடிவில் நாட்டை எடுத்துக்கொண்டனர். அந்தக் கோட்டைச் சுவர் இன்று எங்கே? இடிக்கப்பட்டுவிட்டது. மெயின்கார்டு கேட் வாசல் எஞ்சியிருக்கின்றது. கோட்டையை ஒட்டி மேலப்புலிவார்டு ரோட்டிலும் கீழப்புலிவார்டு ரோட்டிலும் மக்கள் கடை கண்ணிக்குப் போய் வருகின்றார்கள். அத்தனை பெரிய சுவரே நிலைக்கவில்லை என்றால், நம் ஒன்பது அங்குலச் சுவர் எத்தனை நாளைக்கு?

ஆகவே, இந்த ஜும்ஆவிலிருந்து வீடு திரும்பியதும் நாம் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, உங்கள் சுவரைச் சென்று பாருங்கள். வெடிப்பு, சாய்வு, ஓதம், அரசங்கன்று இருந்தால் மழைக்கு முன்பே ஒரு நல்ல கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். ஆபத்து என்றால் உடனே முட்டுக் கொடுங்கள். செலவுப் பேச்சு பிறகு இருக்கட்டும்.

இரண்டாவது, நீங்களே முதலில் அடுத்த வீட்டுக்குப் போங்கள். அவர் வரட்டும் என்று காத்திராதீர்கள். சண்டையிட்டுப் பிரிந்த இருவரில், முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து.

மூன்றாவது, பேசி முடிவானதை எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சுவரின் அகலம், யாருடைய நிலத்தில் எவ்வளவு, பழுதுச் செலவில் யாருக்கு எவ்வளவு, மாடி எழுப்பலாமா என்பவற்றை எழுதி, சாட்சிகளுடன் இருவரும் கையொப்பமிடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களுக்காகத் துஆச் செய்வார்கள்.

நான்காவது, எல்லையில் ஐயம் இருந்தால் கயிறு பிடித்துச் சண்டையிடாதீர்கள். உரிய கட்டணம் செலுத்தி நில அளவரைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். அளந்த பின் முடிவை மனமாற ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, ஜமாஅத் பெரியவர்களை நடுவராக வையுங்கள். வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்தின் வழியே சமரசம் செய்துகொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கு ஏற்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

தாய்மார்களே! சுவர்த் தகராறு பெரும்பாலும் ஆண்களின் வாயில் தொடங்கினாலும், அதை அணைப்பது பல வேளைகளில் உங்கள் கையில் இருக்கின்றது. குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சுவருக்கு மேல் கைமாறும் ஒரு கிண்ணம் குழம்பு, வக்கீல் நோட்டீசைவிட வலிமையானது.

சுவர் விழுவதற்கு முன் நம் ஆணவம் விழட்டும். யா அல்லாஹ்! எங்கள் அண்டை வீட்டார் எங்கள் தீங்கிலிருந்து அச்சமற்று வாழ அருள்வாயாக! பிறருடைய ஒரு சாண் நிலமும் எங்கள் கழுத்தில் தொங்காமல் காப்பாயாக! பிணங்கியிருக்கும் உள்ளங்களை இணைத்து வைப்பாயாக! ஆமீன்.