திரைக்கு வெளியே சுட்ட குண்டு



தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், எம்.ஜி.ஆர். சண்டைக்கு எழுந்த கைதட்டல் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். படத்தில் அடிபட்டவர் அடுத்த காட்சியில் எழுந்து பாடுவார்.

1967 ஜனவரி 12-ஆம் நாள், சென்னை இராமாவரம் இல்லத்தில் எம்.ஆர். ராதா அவரை உண்மையாகவே சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தது, பழைய குரல் திரும்பவில்லை. 'காவல்காரன்' படத்தைக் கேட்டாலே தெரியும். ராதாவுக்கு ஏழாண்டுச் சிறை, பின்னர் குறைந்தது. எத்தனை பெரிய நடிகர்! நாடக மேடை அவரை இழந்து நின்றது.

கோல சிலாங்கூர்த் தோட்டத்துத் தாய்மார்களே, வாய்ச்சண்டையில் பாராங் தூக்கும் பிள்ளைக்கு இதையும் சொல்லுங்கள்: ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தால், மலேசியத் தண்டனைச் சட்டம் 326-ஆம் பிரிவின்படி 20 ஆண்டு வரை சிறை, அபராதமோ பிரம்படியோ சேரலாம். செம்பனைக் குலை அறுத்த கை அத்தனை ஆண்டும் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவராது.