முதலில் கண்டறிய வேண்டியது குடும்பமே!

நடுவர் அவர்களே! "மனநோயைக் கண்டுபிடிக்க டாக்டர் இருக்காரு, வீட்டுக்காரங்களுக்கு என்ன தெரியும்?"னு எதிரணி நண்பர் கேட்டார். ஐயா, டாக்டர் பார்க்கிறது பத்து நிமிஷம். நாம பார்க்கிறது நாள் பூரா!

ஒரு வீட்டு மருமகள். ராத்திரி 3 மணிக்கே முழிப்பு. பிடிச்ச மீன் குழம்பு வெச்சாலும் தொடலை. பூ வெச்சுக்கலை, யாரோடும் பேசலை. மாமியார் சொல்றாங்க, "உடம்பு வணங்கலை!" (சிரிப்பு) அம்மா, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது சோம்பல் அல்ல; மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

பையனுக்குத் திடீர்னு நெஞ்சு படபடங்குது, வேர்க்குது, "செத்துடுவேன்"னு அலறுறான். இ.சி.ஜி.யில ஒண்ணுமில்லை. "நடிக்கிறான்"ங்கிறோம். அதுவும் ஒரு நோய், பீதி நோய்! இன்னொருத்தனுக்கு யாருமில்லாத இடத்துல குரல் கேட்குது, சோத்துல விஷம்னு சந்தேகம். நாம தேடுறது மருத்துவரை இல்லை, மந்திரிக்கிறவரை!

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீ. கால்களில் சங்கிலி; ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களுக்கும் குடும்பம் இருந்ததே, ஐயா! 2017இல் வந்த சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. சங்கிலியைச் சட்டம் அறுக்கும். நம்ம சாக்குப்போக்கை யார் அறுக்கிறது? (கைதட்டல்)

14416க்குப் பேசினால் தமிழிலேயே வழி சொல்கிறார்கள், காசு கிடையாது. "உனக்கு என்ன கேடு?"ன்னு அதட்டாம, "என்னம்மா பண்ணுது?"ன்னு கேளுங்க. வைத்தியம் அங்கேதான் தொடங்குது. எனவே முதலில் கண்டறிய வேண்டியது குடும்பமே என்று கூறி அமர்கிறேன்.