குத்தகை மாறலாம், சேவை மாறலாகாது

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் நம்மவரில் பலர் பட்டணம் சேர்ந்தனர். பால்வாளி தூக்கிய கைகள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் துடைப்பம் பிடித்தன. அது வெளியார் வேலை என்று நாம் வாளாவிருக்கலாமா?

1997-ல் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு வேலை தனியார் குத்தகைக்குச் சென்றது. பள்ளிகளிலும் குத்தகை முறைதான். தவணை முடிந்தால் குத்தகையாளர் மாறுவார். கூட்டும் தரை அதே தரை; கூட்டுபவரும் அதே அம்மாள். ஆனால் பழைய சேவை ஆண்டுகள் புதிய ஏட்டில் ஏறுவதில்லை.

செக்ரோல் எழுதும் கிராணிமார் நாங்கள். இதன் நட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை 12 நாள். அதற்கு மேல் 16 நாள். 15 ஆண்டு உழைத்த அம்மாளும் புதியவர் ஏட்டில் முதலாண்டுக்காரி. அவருக்கு 8 நாள்தான்! பாதி பறிபோயிற்று. "ஒப்பந்தம் முடிந்தது" என்று கூறிப் பணிநீக்க நட்டஈட்டை மறுப்பவரும் உண்டு.

ஆகவே, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தனியே போய்க் கெஞ்ச வேண்டாம், சங்கமாகச் சேருங்கள். குத்தகை கொடுப்பவரிடமே கேட்போம்: பழைய ஆட்களையும் அவர்தம் சேவை ஆண்டுகளையும் ஏற்பவருக்கே குத்தகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்!

தரையைத் துடைக்கலாம், உழைத்த ஆண்டுகளைத் துடைக்க விடோம்!