வாசலில் எழுதும் கணக்கு



“வீட்டுல காய்ச்சல்காரங்க உண்டுமா?” என்று நர்சம்மா கேட்டால், “ஒருத்தருமில்லம்மா” என்று மறைக்காதீர்கள். ஒரு வீட்டுக் காய்ச்சல் சாதாரணமாகத் தெரியும். ஒரே தெருவில் ஐந்து வீடு என்று நோட்டில் சேர்ந்தால்தான் ஆபத்து புலப்படும். கொசு மருந்தும் டாக்டரும் அந்தத் தெருவுக்கு வருவார்கள்.

1970-களில் வீடு வீடாகத் தேடித்தான் பெரியம்மையை ஒழித்தோம். 1975-க்குப் பின் இந்தியாவில் அது இல்லை. 2012-இல் டெங்கு, அப்போது நம் மாவட்டத்திலிருந்த கடையநல்லூரைப் படுத்திய பாடு மறக்குமா? நீங்கள் மறைக்கும் காய்ச்சல், கொசு மூலம் அடுத்த வீட்டுக் கர்ப்பிணியையும் பிடிக்கலாம்.

தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடுங்கள். புருஷன் வயலுக்குப் போயிருந்தாலும் நீங்களே உள்ளதைச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷப் பேச்சு, ஊருக்கே காவல்!