தேடுகிறவர் கண்ணில் படும்படி எழுதுவோம்!

(கடையத்தில் பீடி, மில், விவசாயத் தொழிலாளர்கள் நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)



எழுத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "கூலியைப் பற்றிப் பேசுவார் என்றல்லவா வந்தோம்!" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கூலிக் காசைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நம் பக்கத்து ஊரிலே ஒரு பீடித் தொழிலாளி அம்மா. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பீடி சுற்றியவர். கண் மங்கிவிட்டது; வேலையை விட்டார். பி.எப். பணத்தை வாங்கவேண்டும். அட்டையிலே ஒரு பெயர், ஆதாரிலே இன்னொரு பெயர். மகன் செல்போனை எடுத்தான்; கூகிளிலே தேடினான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதிலிருந்த நம்பருக்குப் பேசினான். "மூவாயிரம் ரூபாய் அனுப்புங்கள், ஒரு வாரத்தில் பணம் வரும்" என்றார்கள். அனுப்பினான். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

பி.எப். பணம் கேட்டு மனுச் செய்ய ஒரு காசு கட்டணம் கிடையாது. கணக்கை முடிக்க 19-ம் நம்பர் பாரம், பென்ஷன் கணக்குக்குப் பத்து வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் 10-சி பாரம், பத்து வருஷம் ஆகியிருந்தால் 10-டி பாரம், பெயர் வித்தியாசம் இருந்தால் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழி. இவ்வளவுதான் சங்கதி. இதையெல்லாம் விவரமாக எழுதி, இரண்டு வருஷத்துக்கு முன்பே இணையத்தில் போட்டவன் நான். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க எழுதியிருந்தா எம் மவன் கண்ணுல ஏன் படலை?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த விஷயங்களையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் போட்டது என்ன? "பீடித் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி: உரிமைகளும் நமது கடமைகளும்" என்று தலைப்பு. எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அந்த மகன் தேடியது என்ன? "பீடி பி.எப். பணம் எடுப்பது எப்படி" என்று. என் கட்டுரையிலே "பி.எப்." என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை! அது மட்டுமல்ல. அச்சகத்திலே நோட்டீஸ் அடித்து, அந்த நோட்டீஸைப் போட்டோ பிடித்துப் போட்டுவிட்டேன். மனிதன் கண்ணுக்கு அது எழுத்து. இயந்திரத்துக்கோ அது முதலில் ஒரு படம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் வித்தை இப்போது வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் தேடுகிறவன் கைக்கு அது வந்து சேரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பூட்டிய பெட்டியில் சோற்றை வைத்துவிட்டு, பசித்தவன் சாப்பிட வரவில்லையே என்று வருத்தப்பட்டவன் நான்.

இந்த ஊரிலே இதைப் பேசும்போது பாரதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1918-ம் வருஷக் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்து, மனைவி செல்லம்மாளின் ஊராகிய இந்தக் கடையத்துக்குத்தான் வந்தார். 1920-ல் சென்னைக்குப் போகும்வரை இங்கே இருந்தார். அப்போது தம் எழுத்துக்களையெல்லாம் 40 புத்தகங்களாக அச்சிடத் திட்டம் போட்டு, பண உதவி கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் விடுத்தார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் புத்தகம் வீடுதோறும் போய்ச் சேரும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் காலமானார்.

இன்றைக்கு என்ன நிலைமை? பாரதி பாட்டில் இரண்டு சொல்லைத் தட்டினால் முழுப் பாட்டும் வந்து நிற்கிறது. இது தானாக நடந்ததா? இல்லை. 1949-ல் சென்னை அரசாங்கம் அவர் எழுத்தின் உரிமையை விலைக்கு வாங்கி, பின்னர் பொதுச் சொத்தாக்கியது. 1998-ல் 'மதுரைத் திட்டம்' என்ற பெயரில் தமிழ் ஆர்வலர்கள் ஒன்றுகூடி, கூலி எதிர்பாராமல், பழைய நூல்களை ஒவ்வொரு எழுத்தாகக் கணிப்பொறியில் அடித்து ஏற்றத் தொடங்கினார்கள். படமாக மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை, எழுத்தாக ஏற்றினார்கள். அதனாலேதான் தேடினால் கிடைக்கிறது.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தடித்த புத்தகத்தின் கடைசியிலே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு அட்டவணை இருக்குமல்லவா? உலகத்திலுள்ள இணையப் பக்கங்களுக்கெல்லாம் அப்படி ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். இயந்திரம் ஒரு பக்கத்தைப் படிக்கும். அதிலிருந்து வேறு பக்கத்துக்கு இணைப்பு இருந்தால் அதன் வழியே அடுத்ததுக்குப் போகும். இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கமும் இணைப்புக் கொடுக்காத பக்கம், பாதையில்லாத வீடு மாதிரி. தபால்காரர் வரமாட்டார்.

சரி, ஒரே சொல் லட்சம் பக்கத்தில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நம் ஊரில் வீடு கட்ட நல்ல கொத்தனார் வேண்டுமானால் என்ன செய்வோம்? நாலு பேரைக் கேட்போம். அதிகம் பேர் யாரைச் சொல்கிறார்களோ அவர். அதிலும் பேர்போன மேஸ்திரி ஒருவர் சிபாரிசு செய்தால் அதற்கு மதிப்பு அதிகம். அதே போல, எந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்கள் அதிகம் சுட்டுகின்றனவோ, சுட்டுகிற பக்கமும் மதிப்புள்ளதாக இருக்கிறதோ, அது மேலே வரும். இந்த யோசனையை வைத்து 1998-ல் கூகிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். இப்போது இன்னும் எத்தனையோ கணக்குகளைச் சேர்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அவர்கள் வெளியிடுவதில்லை.

சிபாரிசுக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் சந்தை வராமல் இருக்குமா? காசுக்கு இணைப்பு விற்கும் வியாபாரம் தோன்றியது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி இயந்திரத்தை ஏமாற்றியவர்கள் உண்டு. விஷயமே இல்லாமல் ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதிக் குவிக்கும் பட்டறைகளும் ஏற்பட்டன. பட்டதாரிப் பிள்ளைகள் அங்கே சொல் கணக்கில் கூலி வாங்கி எழுதுகிறார்கள். நீங்கள் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறீர்கள். அவர்கள் ஆயிரம் சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். பீடியிலாவது தூள் இருந்தாக வேண்டும்! 2011-லும் 2012-லும் கூகிள் தன் கணக்கை மாற்றி இப்படிப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ளியது. 2024 மார்ச்சிலும் இயந்திரத்தை வைத்துக் குவித்த வெற்று எழுத்துக்களின் மீது நடவடிக்கை எடுத்தது. ஆகவே, யாராவது "ஐயாயிரம் கொடுங்கள், உங்கள் பக்கத்தை முதலில் கொண்டுவருகிறேன்" என்று வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் வாய்ச்சொல்தான் சாவி

இனி நாம் செய்யவேண்டியது என்ன? எழுத உட்காருமுன், இது யாருக்கு வேண்டியது, அவர் எந்தச் சொல்லைத் தட்டுவார் என்று கேளுங்கள். நம் கடையம் வனச்சரகத்தை ஒட்டிய வயல்களில் பன்றி இறங்கிப் பயிரை நாசம் செய்கிறது. யானை வாழையையும் தென்னையையும் சாய்க்கிறது. சர்க்கார் தாளில் இதற்குப் பெயர் "மனித–வனவிலங்கு மோதல்". பயிரை இழந்த எந்தச் சம்சாரி அப்படித் தேடுவார்? "பன்றி பயிரை அழித்தால் நஷ்டஈடு வாங்குவது எப்படி" என்றுதான் தேடுவார். அதையே தலைப்பாக வையுங்கள். கீழே ஒரு இடத்தில் சர்க்கார் பெயரையும் எழுதிவையுங்கள்; ஆபீசில் அதுதானே செல்லும்.

2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்துக்கு எவ்வளவு நீளப் பெயர்! 2009-ல் அதற்கு முன்னால் இன்னும் ஒரு பெயரைச் சேர்த்தார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு பெயரில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். ஆனால் நம் சனங்கள் வாயிலே வந்தது "நூறு நாள் வேலை" என்பதுதான். டில்லியிலே பெயரை மாற்றலாம். கடையத்தில் வயற்காட்டுப் பெண்கள் வாயை மாற்ற முடியுமா?

தமிழிலே இன்னொரு சிக்கல் உண்டு. கடையம் என்பது கடையத்தில், கடையத்துக்கு, கடையத்திலிருந்து என்று உருமாறிக்கொண்டே போகும். மனிதனுக்குப் புரியும், இயந்திரம் சில சமயம் தடுமாறும். ஆகவே ஊர்ப் பெயரையும் முக்கியமான சொல்லையும் ஒரு தடவையாவது ஒட்டு எதுவும் இல்லாமல் தனியாக எழுதுங்கள். குற்றாலம் என்றும் குத்தாலம் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறோமென்றால், இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். இலக்கணம் தெரிந்தவர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன் செல்போனில் படிக்கிறான். சர்வதேச நிலைமையில் ஆரம்பித்து ஏழாவது பாராவில் பாரத்தின் நம்பருக்கு வந்தீர்களானால், அவன் மூன்றாவது பாராவிலேயே போய்விடுவான். (இது நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் பொருந்தும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். பி.எப்., வீட்டுக்கடன், பிள்ளைகள் ஸ்காலர்ஷிப் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்றும் கைக்கு அகப்படாது.

தேதி போடுங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எழுதிய பக்கம் திருத்தப்படாமல் கிடந்தால், கடையத்துக்காரரை இன்னும் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவைக்கும். போக வர ஒரு நாள் கூலி போச்சு! பழைய எழுத்தைத் திருத்துவதும் புதிது எழுதுவதற்குச் சமமான வேலை.

அச்சகத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸ் அடிக்கப் பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களையே வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து இணையத்தில் போட்டால், இயந்திரத்துக்கு அது தமிழாகத் தெரியாது; அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். 2010-லேயே தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் செய்தால் முதலில் வந்துவிடுமா? வரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தெரு அவனுடையது, தோழர்களே! தெரு முனையிலுள்ள கடைகளை அவன் ஏலம் விடுகிறான். நாம் நியாயமாக எழுதிய பக்கத்துக்கு மேலே, காசு கட்டியவனின் விளம்பரம் உட்காருகிறது. அந்த அம்மாவின் மகன் விழுந்த குழி அதுதான். ஆங்கிலத்தில் 'Sponsored' என்று போட்டிருக்கும். அதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேட்பாரில்லை என்றும் எண்ணவேண்டாம். சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி கம்பெனியும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-ல் கூகிள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தன. எல்லாப் புகாரும் நிலைக்கவில்லை. ஆனால் தேடல் முடிவுகளில் தன் சொந்த விமானப் பயணச் சேவைக்கு இடம் பிடித்துக் கொடுத்தது போன்ற செயல்கள் தவறு என்று 2018 பிப்ரவரியில் ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி அப்பீலுக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே ஒரு நீதிபதி, தேடல் தொழிலில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். செல்போனைத் திறந்தவுடன் தன் தேடுபொறியே நிற்கவேண்டும் என்பதற்காக மற்றக் கம்பெனிகளுக்கு 2021-ல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாக அந்த வழக்கில் வெளிவந்தது. ஏகபோகம் என்பது புத்தகத்தில் இருக்கிற சொல் அல்ல. உங்கள் மடியில் இருக்கிறது.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. பக்கங்களைக் காட்டுமுன் இயந்திரமே ஒரு பதிலை எழுதி மேலே வைக்கிறது. 2024-ல் இந்தியாவிலும் தொடங்கினார்கள். அது எங்கிருந்து எழுதுகிறது? யார் யாரோ எழுதிவைத்ததைப் பொறுக்கித்தான். பீடித் தொழிலாளியின் பி.எப். பற்றித் தமிழிலே தரகன் மட்டும் எழுதியிருந்தால், தரகன் சொன்னதையே அது சுருக்கிச் சொல்லும். நாம் எழுதாமல் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை, தோழர்களே. அங்கே வேறொருவன் குடியேறிவிடுகிறான்.

அந்த நோட்டீஸைப் போன வாரம் திருத்தி எழுதினேன். "பீடி பி.எப். பணம் எடுப்பது எப்படி? கட்டணம் கிடையாது" என்று தலைப்பு. அந்த அம்மாவையே உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "இது வெளங்கலை அண்ணாச்சி" என்றார்; மாற்றினேன். அடுத்தது பன்றி நஷ்டஈடு. கிராம நிர்வாக அதிகாரியிடம் என்ன தாள் வாங்கினீர்கள், வனத்துறையில் எங்கே கொடுத்தீர்கள், எத்தனை நடை நடந்தீர்கள் என்பது, வாங்கினவர்களுக்கும் வாங்க முடியாமல் திரும்பினவர்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன்.