கர்ஜத்: மலையடிவாரத்து நகராட்சி

மும்பையிலிருந்து சென்னைக்குப் பிரயாணம் செய்த தமிழர் பலருக்கு, கர்ஜத் என்பது ஒரு ஸ்டேஷனின் பெயர் மட்டுமே. வண்டி அங்கே சில நிமிஷம் நிற்கும். பின்புறத்தில் தள்ளும் எஞ்சின்களைப் பூட்டுவார்கள். நாம் உருளைக்கிழங்கு வடை வாங்கி உண்போம். பிறகு 37 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் போர்காட் கணவாயில் வண்டி ஏறத் தொடங்கும். ஊரை மறந்துவிடுவோம். அவ்வாறு மறந்த ஊரைப் பற்றியே இன்று சில வார்த்தை கூற விரும்புகிறோம்.

கணவாய்ப் பாதை 1863-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் அடிவாரத்தில், உல்லாஸ் நதிக்கரையில், மும்பையின் தலைமை நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இச்சிறு நகராட்சி. சுற்றிலும் சஹ்யாத்ரி மலை, நடுவே நெல்வயல். ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் பூமி இது. சருகையும் சாணத்தையும் பரப்பி எரித்த நிலத்தில் நாற்று விடுவது இங்குள்ள உழவரின் பழைய வழக்கம். அறுவடை முடிந்ததும், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே மொச்சை இனமான ‘வால்’ பயிரிடுவார்கள். கர்ஜத் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல் வகைகள் இவ்வூரின் பெயரைத் தாங்கியே வழங்குகின்றன.

மலையின் நீரும் நகரத்துக்கு உழைத்திருக்கிறது. கிழக்கே ஓடி வங்கக் கடலைச் சேர வேண்டிய ஆந்திரா ஆற்றைத் தோக்கர்வாடி அணையில் தேக்கி, மேற்கே திருப்பி, அடிவாரத்துப் பிவ்புரியில் 1922 முதல் மின்சாரம் எடுத்து மும்பைக்கு அனுப்பினார்கள். மின்சாரம் தந்து வெளிவரும் நீர் உல்லாஸ் நதியை அடைகிறது. தாலுகாவின் ஒரு பகுதியில் கோடையிலும் நெல் விளைவது இந்நீரால்தான்.

நீரைப் போலவே மனிதரும் நாள்தோறும் நகரத்தை நோக்கிச் செல்கின்றனர். விடியலுக்கு வெகு முன்னரே லோகல் வண்டி புறப்படுகிறது. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மழைக் காலத்துக் காட்டுக் கீரையும் வைகாசிக் களாப்பழமும் தாக்கர், காத்கரி ஆதிவாசிப் பெண்களின் கூடைகளில் சந்தைக்கு வருகின்றன. நகரத்து வீட்டு விலையைத் தாங்காமல் டோம்பிவிலி, அம்பர்நாத், பத்லாபூர் என்று இப்பாதை நெடுகத் தள்ளி வந்த குடும்பங்களில் நம்மவரும் உண்டு.

வயல்கள் இப்பொழுது மனைகளாகின்றன. பன்வேலிலிருந்து கர்ஜத்துக்குப் புறநகர் இருப்புப்பாதை அமைக்க 2016-இல் ஒப்புதல் கிடைத்தது. நிலத்தின் மதிப்பை ஏற்ற அச்செய்தியும் உதவியது. பட்டாதாரருக்குப் பணம் கிடைக்கும். ஆனால் அவ்வயலில் நடவு நட்டு, களை பறித்து வாழ்ந்தவருக்கு என்ன கிடைக்கும்? வரப்பு தேக்கிய மழைநீர்தான், வயலை மேடாக்கிய பின்னர், எங்கே போகும்? இதே நதி சற்றுக் கீழே, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையில், 2019 ஜூலை 27-ஆம் நாள் மகாலட்சுமி எக்ஸ்பிரஸைச் சூழ்ந்துகொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று. நீருக்கு இடம் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீடு கட்டக் கூடாது என்பது நம் கருத்தன்று. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நாம் அப்படிக் கூறுவது பொருந்தாது. ஆயின், உறங்குவதற்கு மட்டும் ஓர் ஊரைக் கொள்வது முறையாகாது. வாங்கும் மனை நேற்று யாருடைய உழவு நிலம், எந்த ஓடையின் வழி என்று விசாரிக்கலாம். அண்டை வீட்டாருடன் அவர்கள் மொழியிலே நாலு வார்த்தை பேசலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வார்டு விவகாரங்களுக்கு ஒதுக்கலாம்.

சென்னைக்குச் செல்லும் வண்டி அடுத்த முறை கர்ஜத்தில் நிற்கும்பொழுது, வடைக் கடையைத் தாண்டி ஒருகணம் மலைப்பக்கம் பாருங்கள். பச்சை வயல் கண்ணுக்குத் தெரிந்தால், அது இன்னும் உயிரோடு இருக்கும் ஊர் என்று கொள்ளலாம்.