பொறுப்பான பிள்ளை

(ஒஸ்லோவில் நடந்த எங்கள் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாழ்க்கை அனுபவங்கள் ஒருவரை எப்படி ஆளாக்குகின்றன, எப்படிச் சொந்தக்காலில் நிற்கப் பழக்குகின்றன எண்டு கதைக்கச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தலைப்பில் எங்கட ஆட்கள் வழக்கமாக என்ன சொல்லுவினம் எண்டு எல்லாருக்கும் தெரியும்: கஷ்டப்பட்டோம், அதால முன்னேறினோம். நான் அந்த "அதால" எண்ட சொல்லோடதான் சண்டை பிடிக்கப் போறன்.

சின்ன வயதிலிருந்து என்னைப் பொறுப்பான பிள்ளை எண்டு சொல்லுவினம். அந்தப் பொறுப்பு எப்படி வந்தது? என் அப்பா நோர்வேயின் வடக்கு முனையில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே போன எத்தனையோ தமிழரில் ஒருவர். அம்மா பிறகு வந்து அதே தொழிற்சாலையில் சேர்ந்தவ. நாள் முழுக்க இயந்திரச் சத்தம், காதில் அடைப்பான், பக்கத்தில் நின்று மீன் வெட்டுறவரும் தமிழர். இதுக்குள்ள நோர்வேஜிய மொழியை ஆரோட கதைச்சுப் பழகுறது? "இத்தனை வருஷம் இருந்தும் மொழி படிக்கேல்லையே" எண்டு கேட்கிற ஆட்கள், அந்த மண்டபத்தில் ஒரு கிழமை நின்று பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

2004இல் ஒஸ்லோவுக்கு வந்தோம். வாசிக்கப் பழகின நாளிலிருந்து, வீட்டுக்கு வந்த கடிதங்களைத் திறந்தது நான்தான். வரி, வங்கி, தம்பியின் பள்ளிக்கூடம், எல்லாம். (ஆசிரியர் தம்பியைப் பற்றிச் சொன்ன முறைப்பாடுகள் அம்மாவுக்கு என் வாயால்தான் போகும். அவன் எனக்கு நிறையக் கடமைப்பட்டவன்.)

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கதைச்சார். புற்றுக்கட்டிக்கு நோர்வேஜிய மொழியில், நேரே பிரித்துப் பார்த்தால், "கெட்ட இனத்தது" எண்டு பொருள் வரும் ஒரு சொல் இருக்கு. எனக்கு அதை அப்படித்தான் விளங்கியது. தமிழில் என்ன சொல்லுறது எண்டு யோசிச்சன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. "கெட்ட கட்டியோ நல்ல கட்டியோ எண்டு ஊசி போட்டுப் பாக்கவேணுமாம்" எண்டன். அம்மா கேட்டா: "வேற ஒண்டும் சொல்லேல்லையா பிள்ளை?" இல்லையெண்டு சொல்லி, அவவின் கையைப் பிடிச்சன். முடிவு வரும்வரை அந்த விஷயம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு.

அது நல்ல கட்டிதான். அம்மா சுகமாக இருக்கிறா, இண்டைக்கும் எனக்குச் சோறு கட்டித்தான் விட்டவ.

இந்தக் கதையைச் சொன்னால் "பாருங்கோ, அந்த அனுபவம்தான் உம்மை இவ்வளவு துணிச்சலாக ஆக்கியது" எண்டு சொல்ல ஆட்கள் இருக்கினம். நான் கேட்கிறது வேற கேள்வி. அண்டைக்கு அந்த வேலையின் சம்பளம் ஆருக்கு மிச்சம்? பெரியவர்களுக்கு உரைபெயர்ப்பது படித்துச் செய்யும் தொழில். நோர்வேயில் உரைபெயர்ப்பாளர்களுக்கான தேசியப் பதிவேடு 2005இலிருந்தே இருக்கு. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதை எடுக்காமல் ஒரு பிள்ளையை நாற்காலியில் இருத்தினார்கள். கூலியில்லாத வேலைக்குப் "பொறுப்பு" எண்டு பெயர் வைத்தால், பிறகு கூலி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பெண்பிள்ளை எண்டால் இன்னும் கூச்சம். தம்பியை ஒருநாளும் ஒருவரும் கூட்டிக்கொண்டு போகேல்லை.

அரச அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பிள்ளைகளை உரைபெயர்க்க வைக்கக்கூடாது எண்டு தனிச் சட்டமே 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உயிராபத்து மாதிரியான நிலைமைகளுக்கு விதிவிலக்கு உண்டு. இதை ஒருவரும் தானாகத் தூக்கித் தரேல்லை. உரைபெயர்ப்பாளர்களும் சிறுவர் உரிமைக்காக நின்றவர்களும் வருஷக்கணக்காகக் கேட்டது.

அப்ப நான் சொந்தக்காலில் நிண்டது எப்ப? பத்தொன்பது வயதில் மாணவர் விடுதிக்குப் போனபோதுதான். அதை நடத்தியது என் துணிச்சல் இல்லை, அரச கல்விக்கடன் நிதி. 1947இல், தொழிற்கட்சி ஆட்சியில் தொடங்கினது. உயர்கல்விக்கு அது பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. பாடங்களில் சித்தியடைந்து பட்டமும் முடித்தால், கடனில் 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாறும். ஆனால் பெற்றோரோடு இருந்தால் மாறாது, முழுக்கக் கடன்தான். அதாவது வீட்டை விட்டுப் போனால்தான் காசு. அம்மாவுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது: "பிள்ளையைப் பிரிக்கிறதுக்கு அரசாங்கம் காசு குடுக்குதோ?" அவ சொல்வதிலும் நியாயம் இருக்கு. வீட்டில் நிண்டு வயதான ஆட்களைப் பார்க்கிற எங்கட பிள்ளைகளுக்கு இந்த விதி நட்டம்தான். அதை மாற்றச் சொல்லிக் கேட்கவேணும். ஆனால் அந்த நிதி இல்லாவிட்டால், மீன் வெட்டின கையிலிருந்து நான் என் விடுதி வாடகையை வாங்கியிருக்கவேணும். வாங்கியிருந்தால், என்ன படிக்கிறது, ஆரைக் கலியாணம் கட்டுறது எண்டதிலும் அந்தக் கைக்கு ஒரு பங்கு இருந்திருக்கும்.

அப்பாவும் இதை வேற வழியில் அறிந்தவர். தொழிற்சங்கக் கூட்டத்தில் பாதி விளங்காமலே போய் இருந்திருக்கிறார். கேட்டால், "கை தூக்குறதுக்கு மொழி தேவையில்லை" எண்டு சிரிப்பார்.

கடைசியாக ஒரு வேலை. மருத்துவமனையில் உரைபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு கட்டத் தேவையில்லை. இது எங்கட அம்மம்மாக்கள், மாமாமாருக்கு இன்னும் தெரியாது. சின்ன அட்டை ஒன்று அடித்திருக்கிறோம், வாசலில் இருக்கு. ஒரு பக்கம் தமிழில் விளக்கம், மற்றப் பக்கம் நோர்வேஜிய மொழியில் ஒரே வரி: "யாய் ட்ரெங்கர் தொல்க்." எனக்கு உரைபெயர்ப்பாளர் வேணும். போகும்போது ஆளுக்குப் பத்து எடுத்துக்கொண்டு போங்கோ.